முதலும் திரையும்: கறுப்பினத்தார் படத்தொழிலும் மலேசியத் தமிழர் படத்தொழிலும்



மலாய் மொழியில் தொழிலுக்கு இடும் பணத்தை 'மோடல்' என்பர். இச்சொல் நம் 'முதல்' என்னும் சொல்லே. கடை என்பது 'கெடாய்' ஆகி, கப்பல் என்பது 'காப்பால்' ஆகிய அதே கடல்வழியில், தமிழ் வணிகர் நாவிலிருந்து மலாய்க்காரர் நாவுக்கு ஏறிய சொல் அது. அதே மொழியில் 'கூலி' என்றொரு சொல்லும் வழங்குகிறது. அதனையும் தமிழ்ச் சொல்லாகவே அறிஞர் பலர் கொள்வர். முதலையும் கூலியையும் ஒருங்கே அயல்மொழிக்கு அளித்த மொழி நம்முடையது. ஆனால் அவ்விரு சொற்களையும் சுமந்து வந்தவர்கள் ஒரே கப்பலில் வரவில்லை. ஒரே நூற்றாண்டிலும் வரவில்லை. கோலா தெர்லாவைச் சூழ்ந்த இம்மலைத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் இரண்டாம் சொல்லுக்கு உரியவர்கள்.

கூலியின் வழிவந்த ஒரு மக்கள் முதலிட்டுத் தொழில் நடத்த முனைந்தால், அதிலும் பிறர் நம்மைக் காணும் முகத்தையே உருவாக்கும் திரைப்படத் தொழிலில் முனைந்தால், என்ன நிகழும் என்பதே இன்றைய உரையின் பொருள். இதற்கு அமெரிக்கக் கறுப்பினத்தாரின் வரலாற்றை உடன் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்கள் விலைக்கு விற்கப்பட்ட அடிமைகளின் மக்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல்தான் தொடங்கப்பட்டது. ஆகவே இங்கு வந்தவர்கள் ஒப்பந்தத்தால் கட்டுண்டு வந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் கங்காணி வழியாகவோ, வேறு தோட்டங்களிலிருந்து மாறியோ வந்தவர்கள். இரு துன்பங்களும் ஒன்றல்ல. ஒப்பிடத்தக்கது அதன் பின்வந்த நிலை: தம் உழைப்பால் பிறர் முதலைப் பெருக்கிய மக்கள், தம் கதையைத் தாமே விற்க வந்தபோது சந்தையின் வாயிலில் நிறுத்தப்பட்ட நிலை.

என் சிறுபருவத்தில் தோட்டத்துத் திடலில் மாதம் ஒருமுறை படம் காட்டுவார்கள். பந்தாட்டக் கம்பங்கள் இரண்டிற்கும் இடையே வெள்ளைத் துணி கட்டப்படும். மாலையில் பட்டணத்திலிருந்து ஒரு வண்டி, மலைப்பாதையின் வளைவுகளை முனகிக்கொண்டே ஏறி வரும். அதில் ஒரு மின்னாக்கி, ஒரு படக்கருவி, தகரப் பெட்டிகளில் சுருள்கள். அவற்றோடு வருபவரை நாங்கள் 'படக்காரர்' என்போம். லயத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் துரையைவிட அவரே பெரியவர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சாக்கை விரித்து, சென்னையில் எடுத்த படங்களைப் பார்த்தோம்.

இம்மலையின் பனிமூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். ஓர் இரவு படம் பாதி ஓடிக்கொண்டிருக்கையில் மூட்டம் இறங்கித் துணிக்கும் கருவிக்கும் நடுவே நின்றுவிட்டது. ஒளி மட்டும் ஒரு வெண்தூணாகத் தெரிந்தது. கதாநாயகனின் குரல் கேட்டது, முகம் இல்லை. பிள்ளைகள் நாங்கள் அதையும் ஒரு வேடிக்கையாகக் கைதட்டிப் பார்த்தோம். படக்காரர் மட்டும் ஒரு சுருள் பெட்டியின்மேல் குந்தியிருந்தார். மறுநாள் என் தந்தையார் சொன்னதுதான் பல ஆண்டு கழித்து எனக்கு விளங்கியது. படம் முடியாவிட்டால் தோட்டத்து நிர்வாகம் அவருக்குப் பணம் தராது. ஆனால் சுருளுக்குரிய வாடகையை அவர் பட்டணத்து முகவருக்குக் கட்டியே ஆகவேண்டும். முகவர் தலைநகர் விநியோகத்தாருக்குக் கட்டுவார். வானம் மூடினால் நட்டம் அடிக்கண்ணிக்கு; வானம் திறந்தால் இலாபம் மேற்கண்ணிக்கு. படக்காரரிடம் சொந்தமாக இருந்தவை கருவியும் வண்டியும் மட்டுமே. படமும் அவருடையதன்று, திடலும் அவருடையதன்று.

படத்தொழிலைப் பற்றி நான் பிற்காலத்தில் படித்த நூல்கள் அனைத்தும் அந்த ஒரு கணக்கின் விரிவுரைகளாகவே எனக்குத் தோன்றின. படம் எடுப்பது ஒரு தொழில். அதைக் காட்டும் இடத்தை வைத்திருப்பது வேறொரு தொழில். இரண்டாவதை வைத்திருப்பவரே முதலாவதன் விதியை எழுதுகிறார்.

இந்நாட்டுப் படத்தொழிலின் தொடக்கத்திலேயே இந்தியர் இருந்தனர். 1934-இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட 'லைலா மஜ்னுன்' முதல் மலாய்க் கதைப்படமாகப் போற்றப்படுகிறது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். சிஷ்டி, இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். போர் முடிந்தபின் இவ்விருவரே 'செருவான் மெர்டேக்கா' என்னும் படத்தையும் ஆக்கினர். விடுதலையின் அழைப்பு என்பது அதன் பொருள். தலைப்பின் பெருமைக்குத் தக்க ஓட்டம் அதற்கு வாய்க்கவில்லை. அக்காலத்தில் பெரிய திரையரங்குகள் ஷா சகோதரர்கள், கேத்தே என்னும் இரு நிறுவனங்களின் கையில் பெருமளவு இருந்தன. தனித்து நின்று தயாரித்தவர் தம் சுருளை எங்கே ஓட்டுவார்? அதன்பின் ராஜ்ஹன்ஸ் ஷா நிறுவனத்திலேயே சேர்ந்து இயக்கினார். அங்கிருந்துதான், பின்னர் இந்நாட்டின் பெருங்கலைஞராக விளங்கிய பி. ரம்லியைத் திரைக்கு அழைத்துவந்தார். கலைக்கு அது பேறு. தற்சார்பான தொழில்முயற்சிக்கு அது ஒரு முடிவு.

ஐம்பதுகளில் மலாய்ப் படங்களை இயக்கியோர் பட்டியலைப் பார்த்தால் இந்தியப் பெயர்கள் நிரம்பிக் கிடக்கும்: பணி மஜும்தார், பி. என். ராவ், எல். கிருஷ்ணன். இவர்களுள் எல். கிருஷ்ணன் நமக்கு மிக நெருங்கியவர். சென்னையில் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்து, மலாய் மொழியை உள்ளூராரைப் போலவே பேசியவர். பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாகத் தோன்றிய 'பக்தி' என்னும் 1950-ஆம் ஆண்டுப் படம் அவர் இயக்கியதே. வடமொழியில் இறையன்பைக் குறிக்கும் அச்சொல் மலாயில் தொண்டு, கடப்பாடு என்னும் பொருள்களில் வழங்குகிறது. சொல் ஊர் மாறினால் வேலையும் மாறுகிறது; மனிதரைப் போலவே. பெருநிறுவனங்களில் ஊதியத்துக்கு இயக்கிய கிருஷ்ணன், பின்னாளில் காயா பிலிம் என்னும் சொந்த நிறுவனத்தைக் கோலாலம்பூரில் தொடங்கினார். விளம்பரப் படம், செய்திப்படம் போன்றவையே அத்தகைய நிறுவனங்களைத் தாங்கி நிறுத்தின. இதை இழிவாகச் சொல்லவில்லை. கலைஞன் சம்பளக்காரனாக இருந்து முதலாளியாக மாறும்போது முதலில் கைவிட வேண்டியிருப்பது பெரும்பாலும் கதைப்படத்தைத்தான்.

இவர்கள் இங்கு இயக்கியவை பெரும்பாலும் மலாய்ப் படங்களே என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்ப் படம் சென்னையிலிருந்து வந்தது. திடலில் நாங்கள் பார்த்ததும் அதுவே. எங்கள் லயம் அதில் இல்லை. எங்கள் பெரட்டு இல்லை, கிராணி இல்லை, தண்டல் இல்லை. தமிழ் இருந்தது, எங்கள் தமிழ் இல்லை.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். 1915-இல் 'ஒரு நாட்டின் பிறப்பு' என்னும் பெரும்படம் வெளிவந்தது. கறுப்பினத்தாரைக் கொடியவர்களாகவும் மூடர்களாகவும் காட்டிய அப்படம் பெருவெற்றி பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே நோபிள் ஜான்சன் என்னும் நடிகரும் அவருடைய தமையன் தம்பி உறவினரான ஜார்ஜ் ஜான்சனும் இணைந்து லிங்கன் படநிறுவனத்தை நடத்தலாயினர். ஜார்ஜ், ஒமாஹா நகரின் அஞ்சலக ஊழியர். பகலில் கடிதம் பிரித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் எந்த ஊரில் எந்தக் கொட்டகை கறுப்பினத்தாருக்குப் படம் காட்டும் என்று கடிதம் எழுதிக் கேட்டுத் திரட்டினார். நோபிள், யுனிவர்சல் என்னும் பெருநிறுவனத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். கறுப்பினத்தார் வாழும் பகுதிகளில் யுனிவர்சல் படத்தைவிட லிங்கன் படத்துக்குக் கூட்டம் கூடியபோது, அவர் தம் சொந்த நிறுவனத்திலிருந்து விலக நேர்ந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் லிங்கன் நிறுவனமே மறைந்தது.

அவர்கள் படமாக்க விரும்பிய ஒரு புதினத்தை எழுதியவர் ஆஸ்கர் மிஷோ. தெற்கு டகோட்டாவில் உழவராக இருந்தவர். தாம் எழுதிய நூல்களைத் தாமே வீடு வீடாகச் சென்று விற்றவர். படத்தைத் தானே இயக்குவேன் என்று மிஷோ நிபந்தனை வைத்தார், பேச்சு முறிந்தது. உடனே அவர் தம் நூல்களை வாங்கிய அதே உழவர்களிடம், அவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர், பங்குகளை விற்று முதல் திரட்டினார். 1919-இல் வெளிவந்த 'தி ஹோம்ஸ்டெடர்' ஒரு கறுப்பினத்தவர் எழுதித் தயாரித்த முதல் முழுநீளக் கதைப்படம். பின்னர் 40-க்கும் மேற்பட்ட படங்களை அவர் ஆக்கினார். சுருள்களைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கொட்டகைக்காரரிடம் பேசி, அடுத்த படத்துக்கான முன்பணத்தையும் பெற்றுவருவார். வெள்ளையர் கொட்டகைகள் சில, நள்ளிரவுக் காட்சியை மட்டும் கறுப்பினத்தாருக்கு ஒதுக்கின. அந்நேரமும் அவருக்குச் சந்தைதான். 1928-இல் அவர் நிறுவனம் நொடித்தது. பேசும்படத்தின் செலவைத் தாங்க வெள்ளையர் முதலை நாட வேண்டியதாயிற்று. ஆயினும் 1931-இல் 'தி எக்ஸைல்' என்னும் பேசும்படத்தை வெளியிட்டார். 1951-இல் இறந்தார்.

மிஷோவின் படங்கள் தொழில்நுணுக்கத்தில் குறையுடையவை என்பர். உண்மைதான். ஒரே முறை எடுத்த காட்சி, தெரிந்தவர் வீட்டிலேயே அமைத்த அரங்கு. நம் பக்கத்துப் படங்களைப் பற்றியும் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'சென்னைப் படம் மாதிரி இல்லையே' என்பார்கள். சென்னையின் முதலில் பத்தில் ஒரு பங்கும் இல்லாதவனிடம் சென்னையின் பளபளப்பைக் கேட்பது நியாயமன்று என்பது என் கருத்து.

தொலைக்காட்சியின் கதை வேறு. 1970-இல் சிகாகோவில் டான் கார்னீலியஸ் தொடங்கிய 'சோல் டிரெயின்' என்னும் இசைநிகழ்ச்சி, மறு ஆண்டு நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. அதற்கு விளம்பரம் தந்து தாங்கியது, கறுப்பினத்தாரின் தலைமயிர்ப் பூச்சுப் பொருள்களைச் செய்த ஜான்சன் நிறுவனம். அதுவும் கறுப்பினத்தாரின் உடைமையே. பார்ப்பவர், படைப்பவர், விளம்பரம் தருபவர் மூவரும் ஒரே மக்களாயிருந்த அரிய நிலை அது. 1980-இல் ராபர்ட் ஜான்சன் தொடங்கிய பி.இ.டி. ஒளிவழி, 1991-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. கறுப்பினத்தார் கட்டுப்பாட்டிலிருந்த நிறுவனங்களுள் அவ்விடம் பெற்றது அதுவே முதலாவது. பத்தாண்டுக்குள் அது வயாகாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஒருவர் பெருஞ்செல்வரானார். ஒரு மக்களின் ஒளிவழி அவர்கள் கையில் இல்லாமற் போயிற்று.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. தமிழுக்கும் அதில் நேரம் ஒதுக்கப்பட்டது. 1996-இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்தபின் வானவில் ஒளிவழியின் வழியாக உள்ளூர் நாடகம் எடுப்போர் பெருகினர். இயக்குநர், ஒளிப்பதிவாளர், வசனம் எழுதுவோர் என ஒரு தலைமுறையே அதில் பயின்றது. அதைக் குறைத்து மதிப்பிடேன். ஆனால் பிறர் பணம் தந்து எடுக்கச் சொல்லும் நாடகத்தின் உரிமை பொதுவாகப் பணம் தந்தவரிடமே தங்கும். எடுத்தவர் அடுத்த நாடகத்துக்கு மீண்டும் வாயிலில் நிற்பார். நம் தயாரிப்பாளர் பலர் இன்றும், பழைய சொல்லில் சொன்னால், கூலிக்கு எடுப்பவர்களே.

திரைக்கு வருவோம். தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. ரப்பர் தோட்டத்தில் வாழும் ஒரு பெண், மேற்படிப்புக்குச் செல்ல விரும்புகிறாள், கதை அவ்வளவே. உரத்த பேச்சில்லை, பாட்டில்லை. தோட்டத் தமிழ் திரையில் தோட்டத் தமிழாகவே ஒலித்ததை அன்றுதான் கேட்டேன். அயல்நாட்டுத் திரைப்பட விழாக்கள் அதை மலேசியப் படமென்று வரவேற்றன. உள்நாட்டிலோ, அக்காலத்து விதிப்படி, மலாய் உரையாடல் மிகுந்த படத்துக்கே உள்நாட்டுப் படத்துக்குரிய கேளிக்கை வரிச் சலுகை கிடைத்தது. பிற மொழியில் பேசும் படம், இந்நாட்டு மண்ணில் இந்நாட்டுக் குடிமக்கள் எடுத்ததாயினும், கணக்கில் அயற்படமாயிற்று. மிஷோவைத் தோலின் நிறம் நிறுத்திய இடத்தில் நம்மவரை மொழி நிறுத்தியது. மொழியியல் படித்தவனுக்கு இது வெறும் வரிச் செய்தியாகத் தோன்றாது. பிற்காலத்தில் அவ்விதி தளர்த்தப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

பத்தாண்டு கழித்து, 2015 டிசம்பரில், ஷஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. மலாயில் 'ஜஹாட்' என்றால் கெட்டது, பொல்லாதது. நம் தோட்டங்களில் அடங்காத பிள்ளையை அச்சொல்லாலேயே ஏசுவார்கள். தமிழ் எழுத்தில் ஹகரத்துக்கு இயல்பான இடமில்லை. உயிர்களுக்கிடையே வரும் ககரமே அவ்வேலையைச் செய்கிறது. மகாத்மாவை எழுதுவதுபோல் ஜகாட்டை எழுதுகிறோம். மலாய்ச் சொல், தமிழ் ஒலி, இரண்டும் சேர்ந்து எந்த நாட்டு அகராதியிலும் இல்லாத, ஆனால் ஒவ்வொரு லயத்திலும் இருந்த ஒரு சொல். அதைப் படத்தின் தலைப்பாக வைத்ததே ஓர் உரிமைப் பத்திரம் எழுதியது போன்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டுப் புறம்போக்கில் குடியேறிய ஒரு குடும்பத்துச் சிறுவன் அப்போய். கற்பனை மிக்கவன், மனப்பாடக் கல்வியில் தோற்பவன், கண்டிப்பான தந்தைக்கும் வழிதவறிய சிற்றப்பன்மாருக்கும் நடுவே வளர்பவன். ஆசிரியர்களே, அப்படத்தின் வகுப்பறைக் காட்சிகளை நீங்கள் பார்க்கவேண்டும். நான் பார்த்தபோது என் மேசையிலிருந்த பிரம்பு நினைவுக்கு வந்தது.

மறு ஆண்டு, 28-ஆம் மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனி வகையாகப் பிரித்து வைத்தனர். 'ஜகாட்'டும் அந்தத் தனி வரிசைக்குச் சென்றது. திரைத்துறையினர் எதிர்த்தனர். மூத்த ஒளிப்பதிவாளர் முகமது நோர் காசிம் தாம் பெற்ற விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் மலாய்க்காரர் என்பதை நம் மேடைகளில் சொல்ல மறந்துவிடுகிறோம், மறக்கக் கூடாது. ஏற்பாட்டாளர்கள் முறையை மாற்றினர். தேசிய மொழிப் படத்துக்கெனத் தனி விருதை வைத்துக்கொண்டு, சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதை எல்லா மொழிக்கும் பொதுவாக்கினர். அவ்விருதைத் தமிழ் பேசும் 'ஜகாட்' பெற்றது.

அதே 2016-இன் ஜூலையில் 'கபாலி' வந்தது. பா. ரஞ்சித்தின் இயக்கம், ரஜினிகாந்தின் நடிப்பு, சென்னைத் தயாரிப்பாளர் கலைப்புலி எஸ். தாணுவின் முதல். இதுவும் மலேசியத் தோட்டத் தமிழரின் கதைதான். விமானத்தில் விளம்பரம் வரைந்தனர். மலாய் ஒலிச்சேர்க்கையும் வந்தது. மலேசியாவில் ஓடிய படியில் நாயகன் காவல்துறையிடம் சரணடைந்ததாக முடிவில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. ஏழு திங்கள் இடைவெளியில் ஒரே மக்களைப் பற்றிய இரு படங்கள். ஒன்றுக்குக் கிடைத்த திரைகளின் எண்ணிக்கையை மற்றது கனவிலும் கண்டிராது. நான் 'கபாலி'யை வெறுப்பவன் அல்லன். நம் துயரை அது உலகுக்குச் சொன்னது. ஆனால் அதன் மாந்தர் பேசுவது பெரும்பாலும் சென்னைத் தமிழ். நம் கதையை நம்மிடமே விற்றபோதும் நாம் வாங்குபவராகவே இருந்தோம். பா. ரஞ்சித் இதை அறியாதவர் அல்லர். தலித் மக்களின் கதையைப் பிறர் முதலில் சொல்வதன் எல்லையை உணர்ந்தவராகவே அவர் நீலம் தயாரிப்பு நிறுவனத்தை நடத்துகிறார். அதன் 'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தது. மிஷோவுக்குத் தமிழில் நெருங்கிய உறவினர் யாரென்று மாணவர் கேட்டால், அம்முயற்சியைச் சுட்டுவேன்.

அமெரிக்காவில் டைலர் பெரி என்பவர், தாம் எழுதுவன எடுப்பன யாவற்றின் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, அட்லாண்டாவில் ஒரு பழைய படைத்தளத்தை வாங்கி 2019-இல் பெரும் படப்பிடிப்பு வளாகமாகத் திறந்தார். சுமார் 330 ஏக்கர். அவர் படங்களைக் கலையறிஞர் பலர் பாராட்டுவதில்லை. எனக்கும் அவை உவப்பல்ல. ஆயினும் தளம் அவருடையது, சுருளும் அவருடையது. எங்கள் படக்காரர் அதைக் கேட்டிருந்தால் ஏக்கர்க் கணக்கை விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் கேட்டு வியந்திருப்பார்.

நம்மவர் முயற்சிகளும் பெருகியுள்ளன. 2016-இல் ஷாலினி பாலசுந்தரம் என்னும் பெண் இயக்கிய 'கீதையின் ராதை' நல்ல வரவேற்பைப் பெற்றது. 2018-இல் விமலா பெருமாள் இயக்கிய 'வெடிகுண்டு பசங்க' திரையரங்குகளுக்குக் கூட்டத்தை இழுத்தது. இவற்றைத் தரம்பிரித்துப் பேச வேறொரு நாள் வேண்டும். இப்போது ஒரே செய்தியைக் கூறி அமைகிறேன். அது சுருள்களைப் பற்றியது.

மிஷோ 1920-இல் வெளியிட்ட 'வித்தின் அவர் கேட்ஸ்' என்னும் படம் அமெரிக்காவில் ஒரு படிகூட இல்லாமல் மறைந்திருந்தது. எழுபதுகளில் அதன் ஒரு படி ஸ்பெயின் நாட்டுப் படக்காப்பகத்தில் அகப்பட்டது. அது பேசாப்படம், கதையும் பேச்சும் இடையிடையே எழுத்துப் பலகைகளாக வரும். அப்பலகைகள் ஏறத்தாழ அனைத்தும் ஸ்பானிய மொழியில் மாற்றப்பட்டிருந்தன. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தார் 1993-இல் படத்தைச் செப்பனிட்டபோது, ஸ்பானியத்திலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பலகைகளை எழுதினர். முகங்கள் பிழைத்தன. அம்முகங்கள் பேசிய சொற்கள் இரண்டு கடல்களைத் தாண்டித் திரும்பி வந்தவை. மிஷோ எழுதியவை அல்ல. அவர் தம் புதினங்களை ஆராய்ந்து, அவர் எழுதும் நடையை ஒத்துப் பார்த்தே அச்சொற்களை அமைக்க முயன்றார்கள்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் தாம் இருபதாண்டுக்கு முன் எடுத்த ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் ஒலிநாடாவை என்னிடம் கொண்டுவந்தார். படம் அவரிடம் இல்லை, ஒலி மட்டுமே. இம்மலைத் தோட்டமொன்றில் எடுத்தது. மூன்று இரவுகள் உட்கார்ந்து அதைக் கேட்டு எழுதினேன். பெரட்டுக் களத்தில் பெண்கள் பேசும் ஒரு காட்சியில் பதினொரு சொற்களை என்னாலும் அடையாளம் காண முடியவில்லை. நாளை காலை கோலா தெர்லாவில் கொழுந்து பறித்த மூத்த பெண்மணிகள் மூவரிடம் அந்த நாடாவைப் போட்டுக் காட்டப் போகிறேன். வர விரும்பும் மாணவர்கள் ஏழு மணிக்குத் தோட்டத்து வாயிலில் நிற்கலாம். கம்பளி கொண்டுவருக.